"அடிக்கவில்லையே, உட்காரத்தானே வைத்தேன்"

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "பையன் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். எழுத்து வேலையை முடிப்பதில்லை என்று இரண்டு வாரமாக இன்டர்வெல்லுக்கு வெளியே விடாமல் வகுப்பிலேயே உட்கார வைத்து எழுதச் சொல்கிறார்கள். போய்க் கேட்டால், 'அடிக்கவில்லையே, உட்காரத்தானே வைத்தேன்' என்கிறார் மிஸ். என் வீட்டுக்காரரும் அது நியாயம்தானே என்கிறார். நான்தான் பெரிதுபடுத்துகிறேனா?"

பெரிதுபடுத்தவில்லை. ஆனால் அந்த மிஸ்ஸைத் திட்டுவதற்கும் எனக்கு வாய் வரவில்லை. அவர் சொன்ன அதே வாக்கியத்தை நானும் பெற்றோரிடம் சொல்லியிருக்கிறேன். நீலகிரியில் 30 வருடத்துக்கு மேல் தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்துத் தலைமை ஆசிரியையாக ஓய்வு பெற்றவள் நான். முதலில் கூடலூர்ப் பக்கம், அப்புறம் கோத்தகிரி, குன்னூர் வட்டாரங்கள். பிரம்பைத் தொடாத டீச்சர் என்று எனக்கு நல்ல பெயர் இருந்தது. பிரம்புக்குப் பதிலாக நான் வைத்திருந்தது இன்டர்வெல்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. இரண்டாம் வகுப்பில் ஒரு பையன், தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்களின் லைன் வீட்டிலிருந்து நடந்து வருவான். கரும்பலகையில் நான் எழுதிப் போடுவதில் பாதியைக்கூடப் பார்த்து எழுத மாட்டான். திங்கள்கிழமை சொன்னேன்: "முடிக்கிற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது." செவ்வாய், புதன் அப்படியே. வியாழக்கிழமை இன்டர்வெல் முடிந்து மற்ற பிள்ளைகள் உள்ளே வந்தபோது அவன் பெஞ்சுக்குக் கீழே ஈரமாக இருந்தது. சிரிப்பு எழுந்தது. "ஏன்டா, சொல்லியிருந்தால் விட்டிருக்க மாட்டேனா?" என்று கேட்டேன். அவனுக்கு நான் கேட்டதே புரியவில்லை. எழுந்திருக்கக் கூடாது என்று டீச்சர் சொல்லியிருக்கிறார், அவன் எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான். அவன்மேல் அடம் என்று நான் எழுதி வைத்திருந்தது எல்லாம் கீழ்ப்படிதல். அடுத்த எட்டு நாள் அவன் பள்ளிக்கூடம் வரவில்லை. லைனுக்குப் போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகுதான் இன்டர்வெல் என்றால் உண்மையில் என்ன என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம் பள்ளிகளில் பொதுவாகக் காலையில் ஒரு பத்து நிமிடம், மதியச் சாப்பாட்டு நேரம், மாலையில் இன்னொரு பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்துக்குள் வரிசையில் நின்று ஒன்றுக்குப் போக வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், பையில் இருக்கும் வர்க்கியையோ பிஸ்கட்டையோ தின்ன வேண்டும். இதெல்லாம் போக மிச்சம் இருந்தால் விளையாட்டு. அமெரிக்காவில் ரீசஸ் என்று விளையாட்டுக்கென்றே ஒரு நேரம் ஒதுக்குகிறார்கள். அதைப் பிடுங்குவது சரியா தவறா என்று அங்கே வருடக்கணக்காகச் சண்டை நடந்தது. அங்கே பிடுங்கினால் போவது பெரும்பாலும் விளையாட்டு. இங்கே பிடுங்கினால் கழிப்பறையும் தண்ணீரும் சேர்ந்து போகிறது. "கேட்டால் விடுவோமே" என்பார்கள். தண்டனையில் இருக்கும் ஏழு வயதுப் பிள்ளை கேட்காது. அடக்கிக்கொள்ளும். அடக்கி அடக்கிப் பழகினால் சிறுநீர்த் தொற்று வரும், மலச்சிக்கல் வரும். பெண் பிள்ளைகளுக்குத் தொற்று இன்னும் சுலபமாக வரும். மலையில் இன்னொன்றும் உண்டு. குளிரில் தாகம் தெரியாது, பிள்ளைகள் தண்ணீரே குடிக்க மாட்டார்கள், ஆனால் குளிருக்கு ஒன்றுக்கு மட்டும் அடிக்கடி வரும். சமவெளியில் இருக்கிற டீச்சருக்கு இது அவ்வளவாகத் தெரியாது. ஊட்டியிலோ கோத்தகிரியிலோ டிசம்பரில் வகுப்பெடுத்தவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 2009-ல் வந்து 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, எந்தக் குழந்தையையும் உடல் தண்டனைக்கோ மனத் துன்புறுத்தலுக்கோ ஆளாக்கக் கூடாது என்கிறது. இதைப் படித்தவுடன் எல்லோரும் பிரம்பைத்தான் நினைக்கிறோம். ஆனால் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதலில் உடல் தண்டனை என்றால் என்னென்ன என்று விளக்கும் இடத்தில், அடிப்பது, கிள்ளுவது, பெஞ்சின் மேல் நிற்க வைப்பது இவற்றோடு சேர்த்து, பிள்ளையை வகுப்பறையிலோ நூலகத்திலோ கழிப்பறையிலோ பள்ளிக்குள் வேறு எந்த மூடிய இடத்திலோ அடைத்து வைப்பதையும் சொல்லியிருக்கிறார்கள். "உட்காரத்தானே வைத்தேன்" என்பதற்கு அதில் இடமில்லை. இந்த வழிகாட்டுதல்களை நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2024-ல் சென்னை உயர் நீதிமன்றமும் தமிழ்நாட்டு அரசுக்குச் சொன்னது. தனியார் பள்ளி என்பதால் 17-ஆம் பிரிவு பொருந்தாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் சட்டத்தை எடுத்துக்கொண்டு முதல் நாளே பள்ளிக்குப் போகாதீர்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரர் கேட்கிற கேள்வி வேறு: தண்டனை இல்லாமல் எப்படி வேலை நடக்கும் என்பது. அவருக்கு நான் சொல்வது, இது தண்டனையாகக்கூட வேலை செய்வதில்லை என்பதைத்தான். அப்படி வேலை செய்தால் இரண்டு வாரம் எதற்கு? இரண்டாவது நாளே பையன் எழுதி முடித்திருக்க வேண்டுமே. எந்தப் பள்ளியில் வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். இன்டர்வெல்லில் உள்ளே உட்கார்ந்திருப்பது தினமும் அதே நாலைந்து முகங்கள்தான். ஒன்பதரை மணிக்கு எழுதாததற்குப் பதினொரு மணிக்குத் தண்டனை என்றால், சின்னப் பிள்ளையின் மனதில் இரண்டும் ஒட்டாது. "மிஸ்ஸுக்கு என்னைப் பிடிக்காது" என்பது மட்டும் ஒட்டும்.

இதற்கு ஆராய்ச்சி இருக்கிறதா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2009-ல் அமெரிக்காவில் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் சுமார் 11,000 பேரின் விவரங்களை வைத்து ஒரு ஆய்வு வந்தது. நாளில் 15 நிமிடத்துக்கு மேல் ஒரு இடைவேளையாவது கிடைத்த பிள்ளைகளின் வகுப்பறை நடத்தைக்கு, அவர்களின் ஆசிரியர்களே கூடுதல் மதிப்பெண் போட்டிருந்தார்கள். நேர்மையாகச் சொன்னால், அந்த ஒரு ஆய்வை வைத்து இடைவேளைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. இடைவேளையே கிடைக்காத பிள்ளைகளில் ஏழைப் பிள்ளைகள் அதிகம் என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. ஆனால் பெல்லக்ரினி என்ற உளவியல் பேராசிரியர் பள்ளிகளுக்குள்ளேயே போய் இடைவேளை நேரத்தை முன்பின் மாற்றி வைத்துப் பார்த்தார். உட்கார்ந்திருக்கும் நேரம் நீள நீளப் பிள்ளைகளின் கவனம் சிதறுவதும், வெளியே போய் வந்தால் தெளிவதும் அதில் தெரிந்தது. இதையெல்லாம் பார்த்துத்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் கழகம் 2013-ல், தண்டனைக்காகவோ படிப்புக்காகவோ ரீசஸைப் பறிக்காதீர்கள் என்று அறிக்கை விட்டது. கலிபோர்னியா மாநிலம் 2023-ல் சட்டமே போட்டது. தொடக்கப் பள்ளியில் தினமும் குறைந்தது 30 நிமிடம் ரீசஸ், அதைத் தண்டனையாக நிறுத்தக் கூடாது, யாருக்காவது உடனே அடிபடும் ஆபத்து இருந்தால் மட்டும் விலக்கு. பின்லாந்தில் 45 நிமிடப் பாடத்துக்கு 15 நிமிடம் வெளியே விடுகிற பழக்கம் வெகு காலமாக இருக்கிறது, குளிர் பூஜ்ஜியத்துக்குக் கீழே போனாலும். நம் ஊரில் லேசாக மஞ்சு, அதாவது மூடுபனி, இறங்கினாலே "சளி பிடிக்கும், உள்ளே உட்கார்" என்கிறோம். சளி பிடிக்கிறதோ இல்லையோ, ஜன்னலைச் சாத்தி நாற்பது பேரை ஒரே அறையில் அடைத்தால் ஒருவன் சளி மற்ற முப்பத்தொன்பது பேருக்கும் போய்விடும்.

எனக்கு இந்த ஆராய்ச்சிகள் எல்லாம் பின்னால்தான் தெரியும். எனக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது தேவாலா மழை. தமிழ்நாட்டிலேயே அதிக மழை விழும் இடங்களில் தேவாலா ஒன்று. ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் கூடலூர், பந்தலூர் பக்கம் வாரக்கணக்கில் விடாது. கலெக்டர் லீவு விடாத நாட்களில் பிள்ளைகள் நனைந்து வருவார்கள், இன்டர்வெல்லுக்கு வெளியே போக வழியே இருக்காது. முதல் நாள் ஒன்றும் தெரியாது. இரண்டாம் நாள் மாலை சண்டை ஆரம்பிக்கும். மூன்றாம் நாள் வகுப்பிலேயே வாய் திறக்காத பெண், பக்கத்தில் இருப்பவளை பென்சிலால் குத்துவாள். யாரையும் தண்டிக்காமலேயே வகுப்பு முழுக்க இன்டர்வெல் போனால் என்ன ஆகும் என்று வருடாவருடம் வானமே எங்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தது. மழை வெறித்து ஒரு அரை மணி நேரம் திறந்து விட்டால் போதும், அன்று மதியம் வாய்ப்பாடு தானாக வரும். இதைக் கண்ணால் பார்த்த பிறகும், வெயில் நாளில் நாங்களே நாலு பிள்ளைகளுக்கு மட்டும் மழை நாளை உண்டாக்கிக்கொண்டிருந்தோம்.

இன்னொன்று. சாயங்காலம் வீட்டுக்குப் போய் விளையாடட்டும் என்பார்கள். எங்கே விளையாடுவது? உங்கள் ஊரிலேயே யோசித்துப் பாருங்கள். நாலு மணிக்கு மேல் தேயிலைக்குள்ளிருந்து காட்டெருமை ரோட்டுக்கு வரும். குன்னூர், கோத்தகிரியில் கரடி குடியிருப்புக்குள்ளேயே நடக்கிறது. கூடலூர்ப் பக்கம் யானை. பல கிராமங்களில் பிள்ளை வீடு வந்தவுடன் கதவைச் சாத்துவதுதான் வழக்கம். அம்மா இலை எடுத்துவிட்டு வருவதற்குள் இருட்டிவிடும். அதனால் நிறையப் பிள்ளைகளுக்குத் திறந்த வெளியில், தன் வயதுக்காரர்களோடு, ஒரு பெரியவர் பார்வையில் ஓடி விளையாடக் கிடைக்கும் ஒரே இடம் பள்ளி மைதானம்தான். டவுனில் பூங்காவுக்குக் கூட்டிப் போக வழியிருக்கும் பிள்ளைக்கு அந்தப் பத்து நிமிடம் போனால் நஷ்டம் கொஞ்சம். ஹட்டி என்கிற படுகர் கிராமத்திலிருந்தோ லைன் வீட்டிலிருந்தோ வரும் பிள்ளைக்கு அது அன்றைய கணக்கு முழுவதும்.

வகுப்பில் மொழி என்று ஒரு விஷயமும் இருக்கிறது. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, எனக்கு மட்டும் இது பெரிதாகப் படுகிறது. இந்த மலையில் ஒரு வகுப்பில் படுக மொழி பேசும் பிள்ளை, மலையாளம் பேசும் பிள்ளை, பணியர் என்ற பழங்குடி வீட்டுப் பிள்ளை, இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்துத் தமிழ்ப் பிள்ளை எல்லோரும் ஒரே பெஞ்சில் இருப்பார்கள். பாடம் நடக்கும்போது ஊமையாக உட்கார்ந்திருக்கும் பிள்ளை நொண்டி ஆட்டத்தில் "நீ கோட்டை மிதிச்சிட்ட, அவுட்டு!" என்று கத்தும். அந்தப் பிள்ளையின் முதல் முழுத் தமிழ் வாக்கியத்தை நான் அங்கேதான் கேட்டிருக்கிறேன். மொழி வராததால் எழுத்து வேலை முடியாது. எழுத்து வேலை முடியாததால் இன்டர்வெல் கிடையாது. இன்டர்வெல் இல்லாததால் மொழி வராது. இந்தச் சுழலுக்குள் ஒரு பிள்ளையை நாமே தள்ளிவிட்டு, "மந்தம்" என்று ரிப்போர்ட் எழுதுகிறோம்.

டீச்சர் பக்கத்தையும் சொல்ல வேண்டும். மலையில் நிறையப் பள்ளிகள் ஈராசிரியர் பள்ளிகள். ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பதுதான் சட்டத்தில் இருக்கும் கணக்கே. மீட்டிங் என்று ஒருவர் ஊட்டிக்குப் போய்விட்டால் மிச்சம் ஒருவர். பிள்ளை எழுதாமல் போனால் மேலே இருந்து கேள்வி, தனியார் பள்ளியில் பெற்றோரிடமிருந்து கேள்வி. "என் பையன் நோட்டு ஏன் காலியாக இருக்கிறது?" என்று கேட்பவர்களும் நாம்தான். அந்த நெருக்கடியில் டீச்சர் கையில் இருப்பது இன்டர்வெல் ஒன்று. ஆனால் பிள்ளையை உள்ளே உட்கார வைத்தால் யாராவது கூடவே இருக்க வேண்டும். டீச்சரின் டீயும் போச்சு. நான் அந்தத் தண்டனையைக் கைவிட்டதற்குப் பாதிக் காரணம் குற்ற உணர்ச்சி, பாதி என் இடுப்பு வலி. (பி.இ.டி என்கிற விளையாட்டுப் பீரியடைக் கணக்குக்குக் கடன் வாங்கும் பழக்கத்தைப் பற்றி இங்கே ஆரம்பித்தால் முடியாது. விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்தபோது உதயநிதி ஸ்டாலின் மேடையிலேயே அதை வேண்டாம் என்று கேட்டுக்கொள்ள வேண்டி வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.)

மைதானத்தில் ஒருவன் இன்னொருவனைக் கல்லால் அடித்தால்? அப்போது அவனை விளையாட்டிலிருந்து எடுக்கத்தான் வேண்டும். நான் செய்தது, "என் கூட நட" என்று மைதானத்தைச் சுற்றி இரண்டு சுற்று கூட்டிக்கொண்டு போவேன். வெளியில்தான் இருப்பான், வெயில் படும், ஆனால் ஆட்டத்தில் இல்லை. இரண்டு சுற்று முடிவதற்குள் என்ன நடந்தது என்று அவனே சொல்லிவிடுவான். தப்பும் அதற்கான விளைவும் ஒரே இடத்தில், ஒரே ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். மறுநாளைக்குக் கொண்டு போவதில்லை. எழுத்து வேலைக்கும் இன்டர்வெல்லுக்கும் அப்படி ஒரு சம்பந்தமும் இல்லை.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. முதலில் பையனிடம் இதைக் கேளுங்கள்: இந்த இரண்டு வாரமும் பள்ளியில் ஒன்றுக்குப் போகிறானா, தண்ணீர் பாட்டில் எவ்வளவு மிச்சம் வருகிறது. பாட்டில் நிறைந்தே வந்தால் அதுவே பதில். அப்புறம் மிஸ்ஸைத் தனியாகப் பாருங்கள், பிள்ளைகளை விடும் நேரத்தில் கேட்டில் நின்று நாலு பேர் முன்னால் அல்ல. "ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்று ஆரம்பித்தால் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பார். "அவன் எழுதாதது எனக்கும் கவலையாக இருக்கிறது மிஸ், வேலையைப் பாதியாகக் குறைத்துக் கொடுங்கள், மீதியை வீட்டில் நான் பார்த்துக்கொள்கிறேன், இன்டர்வெல்லுக்கு மட்டும் விட்டுவிடுங்கள்" என்று கேளுங்கள். பத்துக்கு எட்டு டீச்சர் ஒத்துக்கொள்வார். எட்டு என்பது என் அனுபவக் கணக்கு, ஆராய்ச்சி இல்லை. ஒரு வாரம் பார்த்தும் மாறாவிட்டால் தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள், அப்போது 17-ஆம் பிரிவைக் குறிப்பிடுங்கள். அரசுப் பள்ளியோ உதவிபெறும் பள்ளியோ என்றால் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கும், அதில் பெற்றோர்தான் அதிகம், அங்கே பேசலாம். அதற்கும் மேல் பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098. இந்த எண்கள் வரைக்கும் போக வேண்டியிருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

கடைசியாக, அவன் ஏன் எழுதவில்லை என்பதை இதுவரை யாரும் பார்த்ததாக உங்கள் கேள்வியில் இல்லை. பலகை தெரிகிறதா என்று கண்ணை ஒரு தடவை காட்டிவிடுங்கள். என் வகுப்பில் "சோம்பேறி" என்று பெயர் எடுத்த மூன்று பேருக்குக் கண்ணாடி போட்ட பிறகு நோட்டு நிறைந்தது. அதோடு, எழுத்து வேலை எந்தப் பீரியடில் வருகிறது என்று டைம்டேபிளைப் பாருங்கள். உங்கள் ஊரில் உறைபனிக் காலத்தில் காலை முதல் பீரியடில் எட்டு வயதுப் பிள்ளையின் விரல் பென்சிலைப் பிடிக்காது. உள்ளங்கையை ஸ்வெட்டர் கைக்குள் இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நான் தலைமை ஆசிரியை ஆன பிறகு டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை முதல் பீரியடில் பாட்டும் வாய்ப்பாடும் வைத்தேன். இன்டர்வெல்லில் எல்லோரும் வெளியே போய் வெயில் காய்ந்துவிட்டு வருவார்கள், நோட்டை அதற்கப்புறம்தான் திறப்போம். மிஸ்ஸிடம் பேசும்போது இதையும் கேட்டுப் பாருங்கள்.